அடிகளார் பெட்டியும் நம் கடமையும்

ஈழத்துத் தமிழர் வீடுகளில் ஒரு முதியவர் மறைந்தால், முப்பத்தோராம் நாளன்று நினைவு மலர் ஒன்று வெளியிடுவது வழக்கம். 'கல்வெட்டு' என்று அதனை அழைப்பர். மறைந்தவரின் படமும், வமிசாவளியும், தோத்திரப் பாடல்களும், நன்றியுரையும் அதில் இருக்கும். நல்ல வழக்கமே. ஆயினும் அம்மலர் அச்சுக்கூடத்திலிருந்து வந்து சேரும் அதே கிழமையில்தான், அவர் அறையிலிருந்த கொப்பிகளும் கடிதக் கட்டுகளும் முற்றத்திற்கு வருகின்றன. கறையான் அரித்தவை தீக்கு; அரிக்காதவை பழைய கடதாசி வாங்குவோனுக்கு. கல்வெட்டு என்ற பெயரில் ஒரு சிறு நூலை அச்சிட்டு ஊருக்கு வழங்கிவிட்டு, மெய்யான கல்வெட்டை நம் கையாலேயே உடைத்துவிடுகிறோம்.

இங்கு யான் பேச எடுத்துக்கொண்டது ஒரு தனிவகைப் பெட்டியைப் பற்றி. சமயப் பணியின் பொருட்டுத் தம் கூட்டத்தார் குறைவாக உள்ள ஓர் எல்லைப்புறத்துக்குச் சென்று, அங்கேயே நெடுங்காலம் தங்கி, அவ்வூர் வரலாற்றையும் எழுதிவைத்த குருமாரின் பெட்டி அது. கத்தோலிக்கர் அவரை அடிகளார் என்பர். புரட்டஸ்தாந்தர் போதகர் என்பர். மலையகத் தோட்டங்களிலே உபதேசியார் என்று ஒருவர் இருந்தார். யான் சைவன், அன்னாருடைய சமயக் கொள்கையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஊர் வரலாறு என்று வரும்போது அவர்கள் எழுதிவைத்த தாள்கள் ஊரார் அனைவர்க்கும் பொதுச் சொத்தாகின்றன. அச்சேறிய நூலைப் போற்றுவதுபோல அச்சேறாத அத்தாள்களையும் நாம் போற்றிக் காத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

போதகர் ஒருவர் வரலாற்றாசிரியராவது ஏன் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் பதிவேட்டில் எழுதுதல் அவருடைய நாளாந்தக் கடமை. கோயில் நிலத்தின் எல்லையைக் காக்கப் பழைய உறுதிகளைப் படித்தாக வேண்டும். நோயாளியைக் காணவும் வழக்குத் தீர்க்கவும் வீடு வீடாக நடந்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வெளியிலிருந்து வந்தவர். ஊரவர் 'இது என்றும் உள்ளதுதானே' என்று கேளாமல் விட்ட கேள்விகளை அவர் கேட்பார். இக்குளத்தை வெட்டியவர் யார், இக்குறிச்சிக்கு இப்பெயர் ஏன் வந்தது, இந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று வினவி, விடையைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். இவ்வாறு பத்தாண்டு எழுதினால், அவர் விரும்பினும் விரும்பாவிடினும் வரலாற்றாசிரியர் ஆகிவிடுகிறார்.

இம்மரபு நம் நாட்டில் பழையது. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற் போதகராயிருந்த பிலிப்பு பால்தேயுஸ், 1658 முதல் 1665 வரை அங்குப் பணியாற்றினார். பின்னர்த் தாய்நாடு திரும்பி, 1672-இல் அம்ஸ்தர்டாமில் மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளின் தோற்றத்தையும் தமிழெழுத்தின் வடிவத்தையும் அந்நூலிற் காணலாம். அவர் வந்தது மதம் பரப்ப. ஆனால் இன்று அந்நூலை நாம் தேடுவது, பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் எவ்வாறிருந்தது என்பதை அறிய.

மற்றொருவர் போர்த்துக்கேய இயேசு சபைக் குருவாகிய பெர்னாவோ த கெய்றோஸ். இலங்கையிற் போர்த்துக்கேயர் பெற்ற வெற்றியையும் அடைந்த வீழ்ச்சியையும் பற்றிக் கோவையிலிருந்து பெருநூல் ஒன்றை எழுதி முடித்து, 1688-இல் மறைந்தார். அந்நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. கையெழுத்துப் படியாகவே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டுக் கிடந்து, கடல் கடந்து, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரிலே தங்கியிருந்தது. 1916-இல்தான் கொழும்பில் அதன் மூலம் அச்சாயிற்று. எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930-இல் வெளிவந்தது. இன்று யாழ்ப்பாண அரசின் இறுதிக் காலத்தைப் பற்றியும் கண்டி இராச்சியத்தின் தொடக்கத்தைப் பற்றியும் எழுதப் புகுவோர் எவரும் கெய்றோஸை விலக்கிவைத்து எழுத இயலாது. யாரோ ஒருவர் அத்தாள்களைத் தீயிலிடாமல் ஓர் அலுமாரியில் வைத்த புண்ணியம் அது.

இவ்விருவரும் அயல்நாட்டவர். நம்மவருள்ளே இவ்வரிசையில் தலைநிற்பவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். (திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் என்னும் பழைய சைவப் பெரியாரோடு இவரை மயங்கற்க.) மானிப்பாயில் 1875-இல் சைவக் குடும்பத்திற் பிறந்து, தந்தை மறைந்தபின் அச்சுவேலியிற் கத்தோலிக்கராக வளர்ந்து, சிறிதுகாலம் புகையிரதப் பகுதியில் எழுதுநராகப் பணியாற்றி, பின்பு அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்து, 1901-இற் குருவானார். நல்லூரைத் தம் களமாகக் கொண்டார்.

நல்லூர் என்றால் என்ன என்பது வாசகர் அறிந்ததே. கந்தசுவாமி கோயில் உள்ள ஊர். ஆறுமுக நாவலர் பிறந்த ஊர். ஈழத்துச் சைவத்தின் நெஞ்சம் என்று சொல்லத்தகும் அவ்விடத்தில் ஒரு கத்தோலிக்கக் குரு ஊன்றி நிற்பதென்றால், அது எல்லையில் நிற்பதே. எல்லை என்பது மலைக்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் மட்டும் இருப்பதில்லை; இரண்டு நம்பிக்கைகள் ஒரு வேலியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கையிலும் அது இருக்கிறது. சுவாமி அவ்வொழுங்கைகளில் நடந்தார். சைவர்களோடு வாதிட்டார், வாதத்திலே கடுமையும் காட்டினார். ஆனால் அந்த வாதத்துக்காகவே நம் நூல்களைக் கற்றார். கற்றபின் அவற்றை விட முடியாதவரானார்.

1920-இல், போர்த்துக்கேயர் காலத்து யாழ்ப்பாண மன்னரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1928-இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' வெளிவந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை' ஒன்றையே நம்மவர் அதுவரை வரலாறாகக் கொண்டிருந்தனர். அதன் செய்திகளை வேறு சான்றுகளோடு ஒத்திட்டு, இது பொருந்தும், இது பொருந்தாது என்று துணிந்து சொன்னவர்களுள் சுவாமி முன்னவர். ஏறத்தாழ அதே காலத்தில், 1926-இல், முதலியார் செ. இராசநாயகம் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய தம் ஆங்கிலப் பெருநூலை வெளியிட்டார். இவ்விருவரும் பல இடங்களில் மாறுபட்டனர். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் சுவாமி கொண்ட முடிபுகள் சிலவற்றை ஏற்காத தமிழறிஞர் இன்றும் உளர். யானும் அவருள் ஒருவன்.

இங்குதான் பெட்டியின் பெருமை தோன்றுகிறது. அச்சிட்ட நூல் முடிபைச் சொல்லும். முடிபுக்கு வந்த வழியைப் பெரும்பாலும் சொல்லாது. 'ஓர் ஏட்டிற் காணப்படுகின்றது' என்று நூலில் இருக்கும். எந்த ஏடு, யார் வீட்டிலிருந்தது, முழுமையானதா, இடையில் இதழ் முறிந்ததா, ஏட்டைக் காட்டியவர் தம் குடிப்பெருமைக்காக எதனையேனும் சேர்த்துச் சொன்னாரா என்பனவெல்லாம் குறிப்புக் கொப்பியிலேதான் இருக்கும். ஆசிரியர் முதலில் ஒன்றை எழுதிப் பின்பு அடித்துத் திருத்திய இடம் அங்கே இருக்கும். அவர்க்கு மாறுபட்டவர் எழுதிய கடிதமும் அங்கே இருக்கும். இரு அறிஞர் மாறுபட்ட ஒரு செய்தியில் நடுவராயிருந்து தீர்ப்புக் கூற விரும்பும் மாணவனுக்கு நூல்கள் வாதியின் கூற்றும் பிரதிவாதியின் கூற்றுமாம், தாள்களே சாட்சி. சாட்சியைத் தொலைத்துவிட்டு, வழக்கை எவ்வாறு தீர்ப்பது?

சுவாமியின் மற்றொரு பெரும்பணி 'சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி'. தமிழ்ச் சொற்களின் வேரைக் கண்டு, பிற மொழிச் சொற்களோடு ஒப்பிட்டுக் காட்டும் பெருமுயற்சி அது. 1938 முதலாகச் சில பகுதிகள் வெளிவந்தன. 1947 சனவரி 22-இல் அவர் மறைந்தபோது பணி முற்றுப்பெறவில்லை. அகராதி செய்தவர்க்குத் தெரியும்: அச்சான ஒரு பக்கத்தின் பின்னே அச்சாகாத நூறு குறிப்புகள் உள்ளன. அரைகுறையாய் நின்ற அகராதிக்கு அதன் ஆசிரியர் விட்டுச்சென்ற தாள்களே உயிர். அவை இருந்தால் வேறொருவர் தொடரலாம். இல்லையேல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொடர ஒருவர் வந்தார். பருத்தித்துறைப் பகுதியிற் பிறந்த ஹயசிந்த் சிங்கராயர் தாவீது அடிகள், பன்மொழிப் புலமை வாய்ந்தவர். சுவாமியின் அடிச்சுவட்டிற் சொற்பிறப்பு ஆராய்ச்சியைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியோடு நெடுநாள் தொடர்புடையவர். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. கே. எம். செல்லப்பா என்னும் பெருந்தகை 1933-இல் தம் வீட்டிலே சிறிதாகத் தொடங்கிய நூலகம். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் ஊர் ஊராக நிதி திரட்டித் துணைநின்ற நூலகம். 1959-இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட நூலகம். ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா முதலியோரின் ஏடுகளும் நூல்களும் அங்கே இருந்தன. ஐசாக் தம்பையாவும் ஒரு கிறித்தவக் குரு. தாயுமானவர் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர். அந்தத் தீயைத் தூரத்திலிருந்து கண்ட தாவீது அடிகள் அதிர்ச்சி தாளாது வீழ்ந்து உயிர்நீத்தார்.

இச்செய்தியை வகுப்பிற் சொல்லும்போது மாணவர் வாய்மூடியிருப்பர். யானும் அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. ஆயினும் துயரத்தோடு நின்றுவிடுவது ஆசிரியர்க்கு அழகன்று. பாடம் என்ன என்பதையும் சொல்லல் வேண்டும். பாடம் இதுதான்: ஒரே இடத்தில் இருக்கும் ஒரே படி என்பது பாதி அழிந்த படி. கெய்றோஸின் நூல் எங்கோ ஓரிடத்திலாயினும் தங்கியதால் நமக்குக் கிடைத்தது. 1981-இல் எரிந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்குமாகப் போயின. அதன்பின் 1995-இல் யாழ்ப்பாணத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது கையிற் கொண்டுசென்றது எத்துணை? குழந்தையைத் தூக்குவதா, கொப்பிக்கட்டைத் தூக்குவதா? அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. முன்னரே படியெடுத்து வேறிடத்தில் வையாத நம் சோம்பலையே குறைசொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு பயன்படும். 1816-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார் தம் தலைமைச் சபைக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகத்திற் பேணப்படுகின்றன. ஆங்கிலத் திருச்சபை மிஷனாரின் கடிதங்கள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மெதடிஸ்த மிஷனாரின் தாள்கள் இலண்டனில் உள்ளன. வட்டுக்கோட்டையிலோ கண்டியிலோ நூற்றெழுபது ஆண்டுகளுக்குமுன் ஒரு வெள்ளைப் போதகருக்குக் காய்ச்சல் வந்த செய்தியை இன்றும் நாம் அறியலாம்.

ஆனால் அப்போதகருக்கு அருகில் நின்று, அவர்க்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, வெயிலில் நடந்து, ஊராரிடம் ஏச்சும் வாங்கிய நம் உபதேசியாருக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய வழியில்லை. காரணம் அன்பின்மையன்று, ஓர் ஏற்பாடு. வெளிநாட்டுப் போதகர் தம் செலவுக்கும் பணிக்கும் கணக்குக் காட்டித் தொலைவிலுள்ள சபைக்கு எழுதியாக வேண்டும். எழுதியது கப்பலேறிப்போய் அங்கே கோவையிற் சேரும். உள்ளூர்க் குரு அருகிலிருந்த மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்; எழுதியது பெட்டியிலேயே கிடக்கும். ஆகவே இன்று நம் வரலாற்றை எழுதப் புகும் மாணவன், நம் ஊரை அயலான் கண்ணாற் கண்ட தாள்களைக் கொண்டே எழுத வேண்டியிருக்கிறது. அயலான் பொய் சொன்னான் என்பதன்று என் வாதம். அவன் கண்டது ஒரு பக்கம். நம்மவர் கண்ட மறுபக்கமும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தை விட்டு யான் வாழும் இம்மலைநாட்டுக்கு வருவோம். கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது எங்கள் பிலிமத்தலாவை. இங்கு 1963 முதல் இலங்கை இறையியற் கல்லூரி நடைபெற்று வருகிறது. பல சபைகளைச் சேர்ந்த இளங்குருமார் தமிழிலும் சிங்களத்திலும் இறையியல் கற்றுத் தத்தம் ஊர்களுக்குச் செல்கின்றனர். அவ்வழியே நடந்து செல்லும்போதெல்லாம், இவ்விளைஞர்கள் ஒவ்வொருவரும் நாளை ஓர் ஊரின் நினைவைக் கையில் வைத்திருக்கப் போகிறவர்கள் என்ற எண்ணம் எனக்குத் தோன்றும்.

இம்மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், 1854-இல், தோட்டத் தமிழரிடையே பணிசெய்வதற்கென ஒரு மிஷன் தொடங்கிற்று. 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது அதன் பெயர். பெயரே அக்காலத்தார் நம் மக்களை எவ்வாறு நோக்கினர் என்பதற்குச் சான்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து, லயங்களிலே எழுத்தறிவித்தனர். நம் தோட்ட மக்களின் பழைய வரலாறு துரைமாரின் கணக்குப் புத்தகத்தில் தலைக்கணக்காக இருக்கிறது. அரசாங்க அறிக்கையிற் புள்ளிக்கணக்காக இருக்கிறது. பெயராகவும், ஊராகவும், உறவாகவும் அதை எழுதிவைத்தவர் மிகச் சிலர். அச்சிலருள் உபதேசியாரும் ஒருவர்.

தாளின் பெறுமதியை மலையகத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. 1949-இல் வந்த சட்டம், இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுக என்றது. மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. அவருள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. 1964-இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை இரு நாடுகளும் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்தது. இந்நெடுந்துயரில் அரசியற் காரணங்களே பெரியவை என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும் 'நீ இங்கே பிறந்தாய் என்பதற்குக் கடதாசி எங்கே?' என்ற கேள்வியின்முன் வாயடைத்து நின்ற பாட்டன்மாரை எங்கள் குடும்பங்கள் மறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் என் மாணவன் ஒருவன் தன் பாட்டனாரின் பழைய கொப்பி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான். பாட்டனார் தோட்டமொன்றில் உபதேசியாராய் இருந்தவர். றங்குப்பெட்டியில் இருந்த கொப்பிகளில் மழை ஒழுகிக் கெட்டவை போக எஞ்சியது அது ஒன்றே. பெரும் வரலாறு எதுவும் அதிலில்லை. இன்னார் இன்ன தோட்டத்திலிருந்து இன்ன தோட்டத்திற்குப் பெயர்ந்தார். இன்ன குழந்தை பிறந்து எட்டாம் நாள் இறந்தது. இவர்கள் பூர்வீக ஊர் துறையூருக்கு அருகில் உள்ளது. இந்தக் கிழமை அரிசி வரவில்லை. கும்மிப் பாட்டு ஒன்று, பாடியவள் பெயர். இப்படியே நூறு பக்கம். 'ஐயா, இதில் எழுதும்படி ஒன்றுமில்லையே' என்றான் மாணவன். 'தம்பி, உன் தோட்டத்து மக்களைப் பெயர்சொல்லி அழைக்கும் ஏடு இதைத் தவிர வேறு எங்கே உண்டு?' என்று கேட்டேன். இப்போது அவன் அதைப் படியெடுத்து வருகிறான்.

அவனுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு வந்தது என் பிழையினால். இளமையில், எனக்குத் தமிழ் கற்பித்த பெரியவர் மறைந்தபோது, அவருடைய தாள்களை ஒழுங்குசெய்யும் பணியை வீட்டார் என்னிடம் ஒப்படைத்தனர். செய்யுட்களை எடுத்துவைத்தேன். கடைச் சிட்டைகளையும் கடித உறைகளையும் பாதி எழுதிய துண்டுகளையும் குப்பையென்று எரித்தேன். இருபதாண்டு கழித்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து, இச்செய்யுள் எந்த ஆண்டிற் பாடப்பட்டது என்று கேட்டாள். அச்செய்யுள் ஒரு கடித உறைக்குள் இருந்தது எனக்கு நினைவிருந்தது. உறையின்மேல் அஞ்சல் முத்திரை இருந்ததும் நினைவிருந்தது. முத்திரையில் இருந்த நாள் மட்டும் நினைவில்லை. அன்றிலிருந்து எவர் பெட்டியையும் 'ஒழுங்குசெய்ய' யான் உடன்படுவதில்லை. இருந்தபடியே இருக்கட்டும், எது குப்பை என்று தீர்மானிக்கும் உரிமை நமக்குப் பின்வருவோர்க்கு உரியது.

இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. குரு ஒருவரின் தாள்களில் பிறர் குடும்ப மறைபொருள்கள் இருக்குமே, அவற்றை வெளியிடலாமா என்பர். நேர்மையான கேள்வி. ஆனால் காத்தல் வேறு, காட்டல் வேறு. உயிரோடிருப்போரைப் புண்படுத்தும் பகுதியை முத்திரையிட்டு, இத்துணை ஆண்டுக்குப் பின்னரே திறக்கலாம் என்று விதிசெய்து வைப்பது உலகெங்கும் ஆவணக் காப்பகங்கள் கையாளும் முறை. எரித்துவிட்ட தாளுக்கு எந்த விதியும் பயன்படாது. அவர் நம் சமயத்தை இகழ்ந்தவர், அவர் தாளை நாம் ஏன் காப்பது என்று கேட்போரும் உளர். இகழ்ந்தவரின் தாளிலேதான் இகழப்பட்டவரின் விடையும் பதிந்திருக்கிறது. நாவலர் காலத்துச் சமய வாதங்களை முழுதும் அறிய வேண்டின் இரு தரப்பின் தாள்களும் வேண்டும். இன்னுஞ் சிலர், எல்லாம் கணினியில் ஏறிவிட்ட காலத்தில் பழந்தாள் எதற்கு என்பர். ஏறியவை ஏறின; பெட்டியிற் கிடப்பது தானாக ஏறாது. படமெடுத்தபின்னும் மூலத்தை எறியலாகாது. மங்கிய மையையும், தாளின் வகையையும், பின்னால் ஒட்டிய சீட்டையும் படம் எப்போதும் காட்டுவதில்லை.

செயற்குரியவை சில சொல்வேன். வீட்டார்க்கு: முப்பத்தோராம் நாள்வரை பெட்டியைத் திறவாதீர்கள். திறக்கும்போது ஊரில் உள்ள ஆசிரியர் ஒருவரை அழையுங்கள். எந்தக் கட்டு எதன்மேல் இருந்தது என்பதைக் குறித்த பின்னரே அசையுங்கள். கல்வெட்டு மலரில், அவர் விட்டுச்சென்ற தாள்களின் பட்டியல் ஒரு பக்கம் இடம்பெறட்டும். அம்மலர்கள் பல இன்று 'நூலகம்' என்னும் இணைய நூலகத்திற் சேர்கின்றன. 2005 முதல் தன்னார்வலர் நடத்திவரும் அம்முயற்சி ஈழத்துத் தமிழர் யாவர்க்கும் பெருமை. மலரோடு தாளும் சேரட்டும்.

சபைகளுக்கு: ஒரு குரு மாற்றலாகும்போது கோவில் திறப்பையும் பாத்திரங்களையும் கணக்கெழுதிக் கையளிப்பது வழக்கம். குறிப்புக் கொப்பிகளையும் பழைய பதிவேடுகளையும் அவ்வாறே கணக்கெழுதிக் கையளிக்க வேண்டும். இறையியல் கற்கும் இளைஞர்க்கு ஊர் வரலாறு எழுதவும் ஆவணம் பேணவும் சில நாளேனும் பயிற்சி அளித்தல் நன்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்: பெரிய நிறுவனம் வரட்டும் என்று காத்திராதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனிமனிதர் தம் வீட்டிற் சேர்த்துவைத்த ஏறத்தாழ 1 இலட்சம் நூல்களும் இதழ்களும் பிறவுமே, அவர் 1992-இல் மறைந்தபின் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களையும் எறியாமல் வைத்திருந்தார்; அவர் 1942-இல் மறைந்த மறு ஆண்டே அவர் பெயரால் நூலகம் அமைந்தது. இவ்விரு நூலகங்களுக்கும் முதல் அலுமாரி ஒரு வீட்டின் உள்ளறையில் இருந்தது.

இவை யாவற்றுக்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஈரம் படாத ஓர் அலுமாரி, மூன்று ஊர்களில் மூன்று படிகள், எந்தத் தாள் எங்குள்ளது என்ற ஒரு பட்டியல் ஆகியவை போதும். யாழ்ப்பாணத்துத் தாளுக்குக் கண்டியில் ஒரு படி. மலையகத்துத் தாளுக்கு மட்டக்களப்பில் ஒரு படி. இரண்டுக்கும் கடல் கடந்த ஓரிடத்தில் ஒரு படி. தீ ஒரே இரவில் மூன்று ஊர்களையும் எட்டாது.

சுவாமி ஞானப்பிரகாசர் எல்லையிலே நின்றவர். ஒரு பக்கம் தம் திருச்சபை, மறுபக்கம் தாம் பிறந்த தமிழ். இரண்டையும் பார்த்துக்கொண்டு எழுதினார். அவர் பின்வந்த தாவீது அடிகளின் உயிரை எரிந்த நூலகத்தின் காட்சி பறித்தது. மலையகத்து உபதேசியார் பெயரும் தெரியாமற் போனார். ஆனால் அவர் பேரன் இன்று இரவு விளக்கின்கீழ் அமர்ந்து அவர் கொப்பியை எழுத்துக்கூட்டிப் படியெடுக்கிறான். இதுவரை நாற்பது பக்கம் முடிந்தது. அறுபது பக்கம் உள்ளது. மை மங்கிய இடங்களில் என்னிடம் வந்து கேட்கிறான். அன்பர்களே, உங்கள் ஊரிலும் அத்தகைய பெட்டி ஒன்று எந்தக் கட்டிலுக்கடியிலோ இருக்கிறது. இக்கிழமையே சென்று கேட்டுப் பாருங்கள்.